ஃப்னு நெல்லையப்பனுக்கு நாலரை மதிப்பெண்

மார்ச் 2, ஞாயிறு

பத்மப்ரியா வீட்டு விருந்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து வயிறு எரிகிறது. சாப்பாட்டால் அல்ல. அவளுடைய மூத்த மகளை ஏதோ ஒரு கல்லூரி லாக்ராஸ் ஆட எடுத்துக்கொண்டதாம். அதற்கு ஒரு கேக். கேக்கின் மேல் அந்தக் கல்லூரியின் கொடி. கொடிக்கு முன்னால் மேரிலாந்துத் தமிழர்கள் பாதிப் பேர் நின்று கைதட்ட வேண்டும். தட்டினேன்.

லாக்ராஸ் என்றால் நீளக் கம்பின் நுனியில் ஒரு வலைப்பை இருக்கும். அதில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடி எதிராளியின் கோலுக்குள் எறிய வேண்டும். என் மகள் சாருலதாவும் நாலு வருஷமாக ஆடுகிறாள். பத்தாம் வகுப்பு, பள்ளி அணியில் நடுக்களம். அங்கே அவளைச் சார்லி என்கிறார்கள். சாருலதா என்று சொல்ல நாக்கு வளையாதாம். மாசச்யூசெட்ஸ் என்று சொல்ல மட்டும் வளைகிறது.

பத்மப்ரியா கோயம்புத்தூர்க்காரி. தேனைத் தடவித்தான் ஊசி குத்துவாள். "ஸ்கூல் மேட்ச்ல எவ்வளவு ஆடுனாலும் பிரயோஜனம் இல்லைங்க கோமதி. காலேஜ் கோச்சுங்க அங்கெல்லாம் வர மாட்டாங்க. ஷோகேஸுக்குத்தான் வருவாங்க. உங்க பொண்ணை இன்னும் ஒண்ணுக்குக்கூடக் கூட்டிட்டுப் போகலீங்களா?" என்றாள், நான் பிள்ளைக்குத் தடுப்பூசி போடாதவள் மாதிரி.

ஷோகேஸ் என்றால் ஒரு பெரிய மைதானம். ஊர் ஊராகப் பெண்பிள்ளைகள் வந்து எண் போட்ட சட்டை மாட்டிக்கொண்டு ஆடுவார்கள். கல்லூரிப் பயிற்சியாளர்கள் நாற்காலி போட்டுப் பார்ப்பார்கள். பார்க்கச் சொல்லி நாம் பணம் கட்ட வேண்டும்.

காரில் இவரிடம் கேட்டேன். "ஏங்க, நாமளும் அனுப்புவோமா?"

"அனுப்புவோம்."

"செலவு எக்கச்சக்கமா வரும் போலுக்க."

"பாத்துக்கலாம்."

என் வீட்டுக்காரர் நெல்லையப்பனுக்கு வீடு தீப்பிடித்தாலும் பாத்துக்கலாம்தான். பின்சீட்டிலிருந்து சாருலதா, "அம்மா, நான் சும்மா ஃபன்னுக்குத்தான் ஆடுறேன்" என்றாள்.

"ஃபன்னுக்கு ஆடுதவளுக்கு எதுக்குட்டி அம்புட்டு வெலையில கம்பு?" என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

மூன்று ஷோகேஸுக்குப் பதிவு செய்தாயிற்று. ஏப்ரல், ஜூன், ஜூலை. இந்த வருஷம் ஊருக்கு வரவில்லை என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். "யாருக்கும் மேலுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டாள். விளையாட்டுக்காக வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

இதற்குள் இவர் ஒரு கூத்து பண்ணிவிட்டார். ஜூன் மாதப் பதிவில் ஆட்டக்காரர் பெயர் கேட்ட இடத்தில் கம்ப்யூட்டர் இவருடைய பெயரைத் தானாக நிரப்பியிருக்கிறது. இவரும் பார்க்காமல் பணத்தைக் கட்டிவிட்டார். ஃப்னு நெல்லையப்பன், பிறந்த வருஷம் 1976. அதையும் ஏற்றுக்கொண்டு 'நல்வரவு, ஆட்டக்காரரே' என்று பதில் வந்திருக்கிறது.

ஃப்னு யார் என்றால் இவர்தான். எங்கள் பக்கம் ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்து, அதன்பின் நம் பெயர், கதை முடிந்தது. அமெரிக்காக்காரனுக்கு இரண்டு கட்டமும் நிரம்பியாக வேண்டும். விசா கொடுத்தபோது இவர் பெயரைத் தூக்கிக் கடைசிப் பெயராகப் போட்டு, முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கு எஃப், என், யூ என்று மூன்று எழுத்தை முன்னால் ஒட்டிவிட்டான். அன்றிலிருந்து பாங்கில், லைசென்சில், ஆஸ்பத்திரியில் எல்லாம் இவர் ஃப்னு. ஆபீசில் ஒருத்தி, "என்ன அழகான பெயர், என்ன அர்த்தம்?" என்று கேட்டாளாம். இவர் சிவபெருமான் பெயர் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஷோகேஸ்காரர்களுக்குப் போன் போட்டுக் கத்தினேன். கட்டிய பணம் திரும்பாதாம். சாருலதாவுக்குத் தனியாக இன்னொரு தடவை கட்டினோம்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வருஷப் பிறப்பும் அதுவுமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நியூ ஜெர்சியில் முதல் ஷோகேஸ். மழை. மைதானம் முழுக்கச் சேறு. பயிற்சியாளர்கள் மட்டும் கூடாரத்துக்கடியில் காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளை கோல் போட்ட நேரத்தில் ஒருத்தன் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் என் கண்ணால் பார்த்தேன்.

இடைவேளையில் நீலத் தொப்பி போட்ட ஒரு பயிற்சியாளர் எங்கள் பக்கமாக நடந்து வந்தார். நல்ல கல்லூரி. எழுந்து போய், நான் சார்லியின் அம்மா, வணக்கம் என்றேன். அந்த மனுஷன் போலீஸைப் பார்த்த திருடன் மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் அப்படியே திரும்பிப் போய்விட்டார். சுற்றி இருந்த வெள்ளைக்காரத் தாய்மார்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள்.

"நான் என்ன தொட்டா ஒட்டிக்கிடுத வியாதிக்காரியா?" என்று இவரிடம் கத்தினேன்.

"அது சட்டம் கோமு. பதினொண்ணாம் கிளாஸ் ஆரம்பிக்குற வரைக்கும் பிள்ளைங்ககிட்டயும் பெத்தவங்ககிட்டயும் அவங்க பேசக் கூடாது."

"பேசக் கூடாதுன்னா பெறவு என்ன எழவுக்குக் கூப்பிடுதான்? பொண்ணு பாக்க வந்தவன்கூட சொஜ்ஜியத் தின்னுட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி விடுதோம்னு ஒரு வார்த்த சொல்லுவான்லா!"

சாருலதா கேட்டுக்கொண்டே நின்றாள். முழங்கால் வரை சேறு. "அம்மா, மெல்லப் பேசு, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள், பார்க்கட்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

மதிப்பீடு வந்துவிட்டது. ஐந்துக்கு மூன்றரை. சாப்பாட்டு மேஜையில் வைத்து நானே உரக்கப் படித்தேன். கம்பைக் கையாளுவது நன்றாக இருக்கிறதாம், அணியோடு ஒத்துப் போகிறாளாம். கடைசியில் ஒரு வரி: 'முதல் எட்டில் வேகம் போதவில்லை. உடல் எடை சற்றுக் குறைந்தால் உங்கள் ஆட்டம் அடுத்த படிக்குப் போகும்.'

எத்தனை ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்தவர்கள். காரணம் இல்லாமலா எழுதுவார்கள்? நாலு தோசை தின்கிற பிள்ளைதானே அவள். இவர் உடனே, "வளருத பிள்ள, திங்கட்டும்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுதாங்க" என்றேன்.

சாருலதா போனை வாங்கி அந்த மதிப்பீட்டைத் தனக்கு அனுப்பிக்கொண்டாள்.

மே 6, செவ்வாய்

பள்ளிக்குக் கொடுத்துவிட்ட டப்பா அப்படியே திரும்பி வருகிறது. நேற்றைக்கு எலுமிச்சை சாதம், இன்றைக்குச் சப்பாத்தி. விடிவதற்குள் எழுந்து அடுப்படியில் சாகிறவளுக்கு இதுதான் மரியாதை. கேட்டால், "டைம் இல்லம்மா" என்கிறாள். தின்ன நேரம் இல்லாத பள்ளிக்கூடம் உலகத்தில் எங்கே இருக்கிறது? நாளையிலிருந்து ஒன்றும் கட்டப் போவதில்லை என்று சொன்னேன். "ஓகே" என்றாள். சண்டைக்காவது வருவாள் என்று நினைத்திருந்தேன்.

மே 18, ஞாயிறு

தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் பத்மப்ரியாவே வாய் விட்டுச் சொல்லிவிட்டாள். "சாருவுக்கு முகமெல்லாம் ஒட்டி எவ்வளவு அழகாயிட்டாளுங்க! என்ன டயட்டுங்க?" அவளுடைய சின்ன மகளும் பத்தாம் வகுப்புதான், அவளும் லாக்ராஸ்தான். பத்மப்ரியாவின் கண்ணில் பொறாமை தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, மறைப்பானேன்?

இப்போதெல்லாம் ராத்திரிக்கு ஒரு தோசையோடு எழுந்துவிடுகிறாள். யாரும் எழுப்பாமல் பள்ளிக்கு முன்னால் ஓடப் போகிறாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று இவரிடம் சொன்னேன். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். நல்ல செய்தி சொன்னாலும் ஒரு முகம், கெட்ட செய்தி சொன்னாலும் ஒரு முகம்.

மே 29, வியாழன்

குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. எல்லாம் சாருலதாவின் முடி. இந்த ஊர்த் தண்ணீர் சரியில்லை. நல்லெண்ணெய் தேய்த்து விடுகிறேன் என்றால் கிட்டவே வர மாட்டேன் என்கிறாள். இத்தனை வெயிலில் ஸ்வெட்டர் வேறு. அதுதான் இப்போது ஸ்டைலாம்.

அவளுக்காக ஏப்ரல் கடைசியில் வாங்கி வைத்த நாப்கின் கட்டு பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. பள்ளியிலேயே இலவசமாகக் கொடுக்கிறார்கள் போல. வீண்செலவு.

ஜூன் 15, ஞாயிறு

டெலவேரில் இரண்டாவது ஷோகேஸ் நேற்று. வெயில் மண்டையைப் பிளந்தது.

வாசலில் இரண்டு சட்டை கொடுத்தார்கள். ஒன்று சாருலதாவுக்கு, இன்னொன்று ஃப்னு நெல்லையப்பனுக்கு. மீசையும் தொப்பையுமாக எதிரில் நிற்கிற ஆளைப் பார்த்த பிறகும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நீட்டினாள். ஆட்டக்காரர்கள் பக்கம் பெற்றோரை விட மாட்டார்கள். இவர் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு தண்ணீர்க் கேனோடு உள்ளே போய்விட்டார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் செய்த முதல் தில்லுமுல்லு. நாள் முழுக்கக் கோட்டோரமாகக் குடையும் கையுமாக நின்றார்.

சாருலதா ஆட்டத்தைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. பந்து பக்கத்தில் வருகிறது, இவள் நின்று பார்க்கிறாள். இரண்டாவது ஆட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தவள் திடீரென்று முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். இவர் ஓடிப் போய்த் தூக்கினார். வெயில்தான் காரணம். மற்ற பிள்ளைகளுக்கும் அதே வெயில்தானே? ஊருக்குப் போவதை விட்டுவிட்டு இதற்கா வந்தோம் என்று காரில் கேட்டுவிட்டேன். கேட்டதில் என்ன தப்பு? அவள் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி இருந்தாள். இவர் முக்கால் மணி நேரம் என்னோடு பேசவில்லை. அதுவும் முதல் தடவை.

ஜூன் 25, புதன்

அந்த மூதிகள் விளங்க மாட்டார்கள். எழுதி வைக்கிறேன், விளங்கவே மாட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மதிப்பீடு வந்தது. ஒன்று அல்ல, இரண்டு. இவர் தன்னுடையதை உரக்கப் படித்தார். 'அன்புள்ள ஃப்னு, எங்கள் நிபுணர்கள் உங்கள் ஒவ்வொரு அசைவையும் கூர்ந்து கவனித்தார்கள். களத்தில் உங்கள் நிதானம் அபாரம். அணித் தோழர்களுக்கு உதவும் குணம் பாராட்டத்தக்கது. ஐந்துக்கு நாலரை.'

சாருலதாவுக்கு மூன்றரை. அவளுடைய அப்பாவுக்கு நாலரை!

பிள்ளை சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய் விட்டுச் சிரித்தாள். "அப்பா, குடை பிடிச்சதுக்கே நாலரையா!" எனக்கும் சிரிப்பு வந்தது. இவர் உற்சாகத்தில் மிச்சத்தையும் படித்தார். 'முதல் எட்டில் வேகம் போதவில்லை. உடல் எடை சற்றுக் குறைந்தால் உங்கள் ஆட்டம் அடுத்த படிக்குப் போகும்.'

சிரிப்பு சட்டென்று நின்றது. "அப்பா, அத திருப்பிப் படிங்க" என்றாள். படித்தார். அவள் தன் போனை எடுத்து ஏப்ரலில் வந்ததைத் திறந்து இவருடையதன் பக்கத்தில் வைத்தாள். ஒரு எழுத்து மாறவில்லை.

"இத என்னப் பாத்து எழுதுனாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"நெனச்சு?" என்று கேட்டேன்.

தட்டைத் தள்ளி வைத்தாள். பருப்பு சாதம் வைத்தது வைத்தபடி இருந்தது. எழுந்தபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். ஸ்வெட்டர் கை மேலே ஏறியிருந்தது. மணிக்கட்டைப் பார்த்தேன். அது என் பிள்ளையின் கை மாதிரியே இல்லை.

பாவிகள். பார்க்காமலே எழுதுகிறவன் எதை வேண்டுமானாலும் எழுதலாமே, நன்றாக ஆடினாய் என்று எழுதினால் கை முறிந்தா போகும்?

ஜூலை 12, சனி

மூன்றாவது ஷோகேஸ். சாருலதா வரவில்லை என்றாள். நீ வர வேண்டாம், நாங்கள் போகிறோம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, இவரை அந்தப் பழைய சட்டையைப் போடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். "வேண்டாம் கோமு, அசிங்கமா இருக்கும்" என்றார். அசிங்கமாக இருக்கத்தான் போகிறோம் என்றேன்.

பதிவு மேஜைக்கு முன்னால் நீள வரிசை. நேராக முன்னால் போய் நின்றேன். நடத்துகிறவன் ஒரு இளவட்டம், கறுப்புக் கண்ணாடி. இவர்தான் ஃப்னு, இவருக்குத்தான் நாலரை போட்டாய், ஒரு கம்பைக் கொடு, இங்கேயே ஆடட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்தினேன். இந்த ஒரு வரியை நம்பி என் பிள்ளை சோறு தின்பதை நிறுத்தியிருக்கிறாள், உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். குரல் உடைந்துவிட்டது. அதுதான் எனக்கு ஆத்திரம், அவன் முன்னால் உடைந்துவிட்டது.

அவன் கண்ணாடியைக் கழற்றவில்லை. உங்கள் கருத்துக்கு நன்றி, அடுத்த ஷோகேஸுக்கு ஒரு இலவச இடம் தருகிறோம் என்றான்.

வரிசையில் இருந்தவர்கள் இதைக் கேட்டுத் தங்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, மன்னிக்கவும், இங்கே வரிசை இருக்கிறது என்றாள். அவ்வளவுதான். வரிசை நகர்ந்தது.

பத்மப்ரியா சின்ன மகளோடு நின்றிருந்தாள். என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, "நிஜமாவே நாலரைங்களா? எங்க சின்னவளுக்கு மூணேகால்தாங்க போட்டாங்க. உங்க வீட்டுக்காரரை எந்த ஃபீல்டுல நிக்க வெச்சீங்க?" என்றாள்.

கோட்டி பிடித்த உலகம். சத்தியமாகக் கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

காருக்கு வந்ததும் இவர் அந்தச் சட்டையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். "சண்ட போட்டாச்சுல்லா கோமு. இனி பிள்ளைய டாக்டர்ட்ட காட்டுவோம்" என்றார். பாத்துக்கலாம் என்று சொல்லவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். சாருலதாவை எடை பார்த்தாள், நாடி பார்த்தாள், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்த்தாள். முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. மாதவிடாய் கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டாள். ஏப்ரல் என்றாள் என் பிள்ளை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இதயம் மெதுவாகத் துடிக்கிறது, இனி நான் சொல்லும் வரை கம்பைத் தொடக் கூடாது, ஓடவும் கூடாது, வாராவாரம் இங்கே வர வேண்டும் என்றாள் டாக்டர்.

நான் தயாராக வந்திருந்தேன். இரண்டு மதிப்பீட்டையும் போனில் எடுத்து வைத்திருந்தேன். டாக்டர் பார்க்கட்டும், எழுதி வைத்துக்கொள்ளட்டும், நாளைக்கு வழக்குப் போட்டால் உதவும்.

டாக்டர் சாருலதாவைப் பார்த்து, எடையைக் குறைக்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டாள்.

நான் போனை நீட்டினேன்.

சாருலதா போனைப் பார்க்கவில்லை. டாக்டரிடம் இங்கிலீஷில், "மை மாம்" என்றாள்.

"ஏட்டி, நான் எப்பச் சொன்னேன்? இவனுங்கதானட்டி எழுதுனானுங்க! நான் ஒரு நாளாவது சாப்பிடாதேன்னு சொல்லிருப்பனா?"

"நீ சொல்லலம்மா." அவள் அழவில்லை. யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள். "ரெண்டாவது தோச எடுக்கும்போது நீ என் தட்டப் பாப்ப. ஒண்ணோட எழுந்தா அன்னிக்கு ஃபுல்லா சந்தோஷமா இருப்ப. ஃபோன்ல எல்லாருக்கும் சொல்லுவ. ஷோகேஸ் முடிஞ்சு நான் வெளையாட்ட விட்டுருப்பேன்மா. வீட்ட எப்படி விடுறது?"

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் இவர் பக்கம் திரும்பினேன். "ஏங்க, நீங்க சொல்லுங்க. நான் அப்படியா பாத்தேன்?"

என்ன கேட்டாலும் எனக்குச் சாதகமாகத் தலையாட்டுகிற மனுஷன். தரையைப் பார்த்துக்கொண்டு, "பாப்ப, கோமு" என்றார்.

கொஞ்ச நேரம் பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும், வெளியே இருக்கிறீர்களா என்று டாக்டர் எங்களைக் கேட்டாள். இவர் கார் பக்கம் போய்விட்டார். நான் இருந்தேன். யாரிடமாவது சண்டை போட வேண்டும் போல இருந்தது. நாற்காலிகள்தான் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் தோசைக்கல்லைப் போட்டேன். பிள்ளை மேஜையில் வந்து உட்கார்ந்தாள். இவர் எதிரில் உட்கார்ந்தார். ஒரு தோசையை அவள் தட்டில் வைத்தேன். எத்தனை வேண்டும் என்று கேட்கவில்லை. அதன்பிறகு கண்ணை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.